அக்கினிக்கு எதிராக நான்கு உருளைகள்

கலியாண மண்டபத்துப் படிக்கட்டின் ஓரத்திலும், வங்கியில் காசாளர் கூண்டுக்கு அருகிலும், பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்திலும் சிவப்பு வர்ணம் பூசி மாட்டப்பட்டிருக்கும் தீயணைப்பான்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆயினும் அவற்றுள் ஒன்றில் நுண்ணிய தூளும், மற்றொன்றில் திரவமாகும் வரையில் அழுத்தி அடைக்கப்பட்ட கரியமில வாயுவும், இன்னொன்றில் உப்புக் கரைசலும் இருக்கின்றன என்பதையும், ஒன்று பேருதவி புரியும் இடத்தில் மற்றொன்று பயனற்றுப் போவதோடு சில சமயம் உயிருக்கே அபாயத்தை விளைவிக்கக்கூடும் என்பதையும் அறிந்தவர்கள் மிகச் சிலரே. பணம் கொடுத்து வாங்குகிறவர்கள்கூடப் பெரும்பாலும் லைசென்ஸுக்காகவோ இன்ஸ்பெக்ஷனுக்காகவோ கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் பின்னர் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கைப்பேசியை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் விசாரிக்கிற நாம், குடும்பத்தின் உயிரைக் காக்கவேண்டிய ஓர் உபகரணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பது மிகவும் வருந்தத்தக்க விஷயம். ஆகவே சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு வகைகளை நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பயிற்சித் திடலுக்குக் கொண்டு சென்று, ஓய்வு பெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் கையாண்டு பார்த்து, அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

அந்த நான்கு இவை: 4 கிலோ ஏ.பி.சி. பவுடர், 4.5 கிலோ சீ.ஓ.டூ. என்று கடைகளில் வழங்கும் கரியமில வாயு, 2 கிலோ கிளீன் ஏஜென்ட், சமையற்கூடங்களுக்கென்று விற்கப்படும் 6 லிட்டர் கே-டைப். பரீட்சைக்காக டீசலில் சிறிது பெட்ரோல் கலந்து ஊற்றிய இரும்புத் தட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரச்சட்டங்கள், மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒரு பழைய பேனல் போர்டு, அடுப்பின்மேல் ஓர் எண்ணெய்ச் சட்டி ஆகியவை ஆயத்தமாக இருந்தன.

நெருப்பு உயிர் வாழ்வதற்கு எரிபொருளும், உஷ்ணமும், பிராணவாயுவும் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: சுவாலைக்குள் மூலக்கூறுகள் உடைந்து, உடைந்த துணுக்குகள் மேலும் பலவற்றை உடைத்து, இடையறாமல் நடைபெறும் ஒரு சங்கிலித் தொடர்வினை. இந்நான்கில் எதனைத் தாக்குகிறது என்பதைக் கொண்டே ஒரு தீயணைப்பானின் குணத்தையும் குறையையும் நிர்ணயிக்க வேண்டும். ஜலம் உஷ்ணத்தைப் பறிக்கிறது. கரியமில வாயு பிராணவாயுவை விலக்குகிறது. பவுடரும் ஹாலோஜன் சேர்ந்த வாயுக்களும் பெரும்பாலும் அந்தத் தொடர்வினையின் கண்ணிகளை அறுக்கின்றன.

முதலில் பவுடரை எடுத்துக்கொள்வோம். உருளையின் தலையில் ஒரு சிறு கேஜ். அதன் முள் பச்சைப் பகுதியில் நின்றது. உள்ளே தூளைத் தள்ளுவதற்கு நைட்ரஜன் ஏறத்தாழ 15 பார் அழுத்தத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது. தூளின் முக்கியச் சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். லேபிளில் 'மேப் 50' என்றோ 'மேப் 90' என்றோ அச்சிட்டிருப்பது, அந்தச் சரக்கு தூளில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வாங்குகிறவர் இதைக் கேட்டறிந்தே வாங்கவேண்டும், ஏனெனில் வெளிப்பார்வைக்கு இரண்டு உருளைகளும் ஒன்றே.

பிளாஸ்டிக் சீலை அறுத்துப் பின்னை உருவி, குழாயின் முனையைத் தட்டின் அடிப்பக்கத்தை நோக்கிப் பிடித்து, ஏறத்தாழ மூன்று மீட்டர் தூரத்திலிருந்து கைப்பிடியை அழுத்தியவுடன், எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு வேகத்துடன் தூள் பீறிட்டு, ஆளுயரத்துக்கு மேல் எழுந்திருந்த சுவாலை இமைப்பொழுதில் மறைந்தது. டீசல் தீயை இவ்வளவு விரைவாக அடக்கும் சக்தி மற்ற மூன்றில் எதற்கும் இல்லை என்பதைச் சந்தேகமின்றிச் சொல்வேன். மரச்சட்டங்களின் விஷயத்தில் இந்தத் தூளின் விசேஷம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. சாதாரண சோடா உப்பைக் கொண்ட பழைய பி.சி. தூள் சுவாலையை அணைத்தாலும் கங்கை அணைப்பதில்லை, ஏ.பி.சி. தூளோ ஏறத்தாழ 190 பாகை உஷ்ணத்தில் உருகி, கங்கின்மேல் ஒரு பிசுக்கான பூச்சாகப் படிந்து, காற்று உட்புகாதபடி அதை மூடிவிடுகிறது. அணைந்த கட்டைகளைக் கம்பியால் புரட்டிப் பார்த்தபோது, அந்தப் பூச்சு பளபளப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பூச்சு எட்டாத ஒரு மூலையில் மட்டும் புகை மெல்ல மறுபடியும் எழுந்தது.

இதற்கு நாம் கொடுக்கும் விலையும் அதே சமயத்தில் தெரியவந்தது. திறந்த வெளியிலேயே எனக்கு முன்னால் எதுவும் புலப்படாத அளவுக்கு வெண்புகைபோலத் தூள் பரவி, தொண்டை கரகரத்து, கண் எரிந்தது. தாழ்ப்பாளிட்ட ஓர் அறையிலோ, ஜன சந்தடி மிகுந்த ஒரு ஜவுளிக்கடையின் மாடியிலோ இது நிகழுமானால், வெளியேறும் வழியே தெரியாமல் ஜனங்கள் தடுமாறுவார்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அன்றியும் இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி அமிலத்தன்மை கொள்வது; கடற்கரைப் பட்டணங்களின் ஈரக்காற்றில், கணினிப் பலகைகளிலும் செம்புக் கம்பிகளிலும் படிந்த தூளை உடனடியாகத் துப்புரவு செய்யாவிட்டால், நெருப்பு தொடாத சாமான்களையும் அரிப்பு தின்றுவிடும். ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைகளிலும், சர்வர் அறைகளிலும், விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இதனை மாட்டிவைக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

இரண்டாவதாகக் கரியமில வாயு. இதைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில், என் அபிப்பிராயத்தில், நம் ஊர்களில் மிகவும் தவறாக உணரப்பட்டிருக்கும் தீயணைப்பான் இதுவே. இதன் கனம் முதலில் கவனத்துக்கு வரும். உள்ளே இருக்கும் சரக்கு 4.5 கிலோவே ஆனாலும், மிகுந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டிய தடித்த எஃகு உருளையானதால் முழு எடை 15 கிலோவுக்குக் குறையாது; வயோதிகரோ, மெலிந்த தேகமுள்ளவரோ இதைக் கொக்கியிலிருந்து இறக்கி ஓடிவருவது எளிதன்று. கேஜ் கிடையாது. இல்லாததற்குப் பௌதிக சாஸ்திரம் கூறும் காரணம் சுவாரஸ்யமானது: உள்ளே திரவமும் அதன்மேல் ஆவியுமாக வாயு இருக்கும் வரையில், அதன் அழுத்தம் உஷ்ணத்தைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று, உருளை நிறைந்திருந்தாலும், பாதி தீர்ந்திருந்தாலும், 21 பாகையில் முள் ஏறத்தாழ 58 பாரையே காட்டும். ஆகவே கேஜ் வைப்பதால் பயன் இல்லை. தராசில் நிறுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. கழுத்தில் பொறித்திருக்கும் வெற்றெடையோடு ஒப்பிட்டு, சரக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில் செய்யவேண்டும். 'சர்வீஸ் செய்தாயிற்று' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர் கையில் தராசு இருந்ததா என்று விசாரிப்பதே ஒரு நல்ல பரீட்சை.

நம்முடைய சீதோஷ்ணத்தில் இந்த வாயுவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கரியமில வாயுவின் மாறுநிலை உஷ்ணம் 31.1 பாகை, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிலைப்பதில்லை. சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வைகாசி மாதங்களில், உருளைக்குள் இருப்பது திரவமும் அன்று, சாதாரண வாயுவும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அடர்ந்த நிலை. அழுத்தமும் குளிர்நாடுகளில் இருப்பதைவிட மிக அதிகம். இதற்காகவே வெப்ப நாடுகளில் உருளையை முழுக் கொள்ளளவுக்கு நிரப்பாமல், மூன்றில் இரண்டு பங்கு என்ற விகிதத்தில் நிரப்புகிறார்கள். மிஞ்சினால் வெடித்து வாயுவை வெளியேற்ற ஒரு மெல்லிய பாதுகாப்புத் தகடும் வால்வில் இருக்கிறது. மொட்டைமாடியில், வெயில் நேராகப் படும் லிப்ட் அறை வாசலில் இதை மாட்டுவது தவறு.

பின்னை உருவி அழுத்தியபோது எழுந்த ஓசையை முன்னறிவிப்பு இல்லாமல் கேட்பவர்கள் கைப்பிடியை விட்டுவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். கறுப்பு நிற ஹார்னிலிருந்து வெண்மேகம் சீறிக்கொண்டு வந்தது; விரிவடையும் வேகத்தில் குளிர்ந்து, அதில் ஒரு பகுதி மைனஸ் 78 பாகையுள்ள பனித்தூளாக மாறுகிறது. கோடையில் சேமித்த உருளையிலிருந்து பனி குறைவாகவே வருமென்றும், அதனால் எட்டும் தூரமும் குறையுமென்றும் உடன் இருந்த அலுவலர் சொன்னார். "ஹார்னைக் கையால் பிடிக்காதீர்கள் சார், தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்" என்று அவர் எச்சரித்ததற்கு நியாயம் உண்டு. குளிர்ப்புண்ணோடு, நிலைமின்சாரத்தின் அதிர்ச்சியும் அங்கே ஏற்படுவதுண்டு. பேனல் போர்டின் உள்ளே மூட்டியிருந்த தீ சுத்தமாக அணைந்தது. அணைந்த பின்னர் ஒரு துளி அழுக்கும் மீதமில்லை. இதுவே இவ்வாயுவின் பெருமை. மின்சாரத்தைக் கடத்தாததாலும், சாமான்களைக் கறைப்படுத்தாததாலும் மின்பெட்டிகளுக்கு இதைவிட மலிவான நல்ல துணை இல்லை. மரச்சட்டங்களின் முன்போ இது தோற்றது: சுவாலை போயிற்று, கங்கு போகவில்லை, வாயு கலைந்ததும் காற்று வந்து கங்கைத் தழுவ, மீண்டும் பற்றிக்கொண்டது. டீசல் தட்டிலும் காற்று சிறிது வீசியபோது பாதி அணைந்த தீ திரும்பிப் பரவியது.

இந்த வாயுவைப் பற்றி வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 4.5 கிலோ கரியமில வாயு வெளிவந்து விரியும்போது ஏறத்தாழ 2,500 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 28,000 லிட்டர். கதவும் ஜன்னலும் சாத்திய அந்த அறைக்குள் உருளை முழுவதையும் காலி செய்தால், காற்றில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு கரியமில வாயு சேரும். அறை முழுவதையும் நிரப்பித் தீயை அணைக்கக் குறைந்தது 34 பங்கு வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. மனிதனுக்கோ நாலு பங்கே உடனடி அபாயம் என்று கருதப்படுகிறது, பத்தை எட்டினால் சில நிமிஷங்களில் நினைவு தப்பும். ஆகவே சின்ன அறைக்குள் நின்று உருளையைத் தீர்த்துவிட்டு, 'எல்லாம் அணைந்துவிட்டது' என்று சாவகாசமாகச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருப்பவர், அறையின் நெருப்பை முற்றிலும் அடக்கப் போதாத அளவு வாயுவினாலேயே தாம் மயங்கி விழக்கூடும். காற்றைவிடக் கனமான வாயு அது. தரைமட்டத்துக்குக் கீழுள்ள அறைகளிலும், கிணறு போன்ற பள்ளங்களிலும் தேங்கி நிற்கும். கதவைத் திறந்துவைத்து, வாசலில் நின்று, அடித்தவுடன் வெளியேறிவிட வேண்டும் என்பதை இந்த உருளையின் லேபிளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நான் கையாண்ட உருளையில் ஆங்கிலத்தில் சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு வரி இருந்தது. காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் அதைப் படித்து அறிவது எவ்வாறு?

மூன்றாவதான கிளீன் ஏஜென்ட்டை மதிப்பிடுவதற்கு முன் அதன் முன்னோர்களின் சரித்திரத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். 1813-இல் எடின்பரோ நகரில் மேல்மாடித் தீயை எட்டி அணைக்க இயலாமையைக் கண்ட காப்டன் ஜார்ஜ் வில்லியம் மான்பி என்னும் ஆங்கிலேயர், சில ஆண்டுகள் கழித்து, சாம்பலுப்புக் கரைசலையும் அழுத்திய காற்றையும் கொண்ட ஒரு செப்புப் பாத்திரத்தை அமைத்தார். இன்றைய உருளைகளின் தத்துவம் அதுவே. 1866-இல் பிரெஞ்சுக்காரராகிய கார்லியே, சோடாவும் அமிலமும் கலந்து எழும் வாயு ஜலத்தை வெளியே தள்ளும் முறைக்கு உரிமம் பெற்றார். நம் சினிமாக் கொட்டகைகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் தலையில் குமிழோடு கூம்பு வடிவில் தொங்கிய பழைய உருளைகள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. அதன் பின்னர் எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாகூ நகரில் ஆசிரியராயிருந்த அலெக்சாண்டர் லோரான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெய்த் தீயை மூட நுரையைக் கண்டுபிடித்தார். இவை எல்லாம் ஜலத்தின் உபாயங்கள். அக்கினியை ஆவியால் வெல்லவேண்டும் என்ற ஆசையே பிற்காலத்து விபரீதங்களுக்கு ஆரம்பம்.

1910-களில் பித்தளைக் கைப்பம்புகளில் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் திரவத்தை அடைத்து விற்றார்கள். மோட்டார் வண்டிகளிலும் வீடுகளிலும் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆவியாகி எளிதில் தீயை அணைத்தது, கறை படியவில்லை. ஆனால் பழுக்கக் காய்ந்த உலோகத்தின்மேல் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் பிறந்தது. முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளில் சேனைகளைக் கொன்ற அதே விஷவாயு. அந்தத் திரவமே கல்லீரலைக் கெடுப்பது. பல ஆண்டுகள் உபயோகத்தில் இருந்த பின்பே அது ஒழிந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், அமெரிக்க இராணுவத்துக்காகப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பற்பல சேர்மங்களைப் பரீட்சை செய்ததன் பலனாக ஹாலோன்கள் வந்தன. அவற்றின் எண்களே அவற்றின் உள்ளடக்கம்: 1211 என்றால் கார்பன் ஒன்று, புளோரின் இரண்டு, குளோரின் ஒன்று, புரோமின் ஒன்று, 1301 என்றால் குளோரின் இல்லை, புளோரின் மூன்று. காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு 1301 கலந்தாலே தீ அணையும். மனிதர் அந்த அறையில் நின்றுகொண்டிருக்கலாம். காகிதமும் கம்பியும் கெடா. தீயணைப்புச் சரக்குகளில் இதற்கு நிகரானது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் சுவாலைக்குள் தொடர்வினையை அறுத்த அதே புரோமின், வான மண்டலத்தின் மேலடுக்கில் ஓசோனையும் அறுத்தது. சீ.எஃப்.சி. 11 வாயுவின் ஓசோன் அழிவுத் திறனை ஒன்று என்று வைத்தால், 1211-க்கு மூன்று, 1301-க்குப் பத்து. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் குன்றுவதை 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. வளர்ந்த நாடுகளில் 1993-ஆம் ஆண்டின் முடிவோடு ஹாலோன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகாய விமானங்களின் என்ஜின்கள், சரக்கு அறைகள் போன்ற சில இடங்களில் மட்டும், தகுந்த மாற்று அமையாத காரணத்தால், பழைய இருப்பிலிருந்து இன்றளவும் அது பயன்பட்டு வருகிறது.

இத்தனை பீடிகைக்கும் காரணம், நான் வாங்கிச் சென்ற கிளீன் ஏஜென்ட் உருளை அதே வம்சத்தில் பிறந்தது என்பதே. அதில் இருப்பது எச்.எஃப்.சி. 236 எஃப்.ஏ. என்னும் வாயு, புரோமினும் குளோரினும் இல்லாததால் ஓசோனுக்குக் கேடில்லை. விற்பனையாளர்கள் இதை மட்டும் சொல்லிச் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பச்சை இலைப் படம் போடுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் இவ்வாயு கரியமில வாயுவைவிட எட்டாயிரம் மடங்குக்கு மேல் வல்லது என்பது. இரண்டு கிலோ உருளை ஒன்றைத் திறந்தால், 16 டன் கரியமில வாயுவைக் காற்றில் விட்ட பலன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின், விமர்சனத்துக்காக அதைக் காற்றில் கரைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஆகையால் திடலில் அதை நிறுத்துப் பார்த்து, கையாளும் வசதியை மட்டும் அறிந்துகொண்டேன். இதன் தீயணைக்கும் முறையை ஒரு கணினி மையத்தின் செயல்விளக்கத்தில் முன்பே பார்த்திருக்கிறேன்: ஓசை மிதமாக, திரவமும் ஆவியுமாகப் பீறிட்டுப் போய், சிறு தீயை விரைந்து அணைத்து, பலகைகளின்மேல் ஈரமோ தூளோ இல்லாமல் மறைந்துவிட்டது. கனம் குறைவு, கேஜ் உண்டு, பெண்களும் முதியவர்களும் ஒரு கையால் தூக்கலாம். ஆனால் பெரிய தீயின்மேல் நீண்ட நேரம் அடித்தால், சிதைந்து ஹைட்ரஜன் புளோரைடு என்னும் காரமான விஷம் உண்டாகும். தீ வளர்வதற்கு முன் உடனே அடித்தால்தான் இது கிளீன். விலை, பவுடரைப் போலப் பல மடங்கு.

இதே இனத்தில் எஃப்.கே. 5-1-12 என்று ஒன்று உண்டு. 'நோவெக்' என்ற பெயரில் புகழ்பெற்றது. சாதாரண உஷ்ணத்தில் ஜலம்போலவே தெளிந்த திரவம், 49 பாகையில் கொதிப்பது, காற்றில் கலந்தால் சில தினங்களில் சூரிய ஒளியில் சிதைந்துவிடுவது. பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவை ஒத்ததே. மேலே சொன்ன குற்றங்கள் எல்லாம் நீங்கியது போலத் தோன்றிய இந்தச் சரக்கும், எளிதில் அழியாத புளோரின் சேர்மங்களின் குடும்பத்தில் எண்ணப்படுவதால், அதை முதலில் உருவாக்கிய 3எம் கம்பெனி அவ்வகைச் சரக்குகளின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் கைவிடுவதாக 2022-இல் அறிவித்தது. வேறு உற்பத்தியாளர்கள் தொடர்கிறார்கள். எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. நமக்கு 2032-இல் படிப்படியான குறைப்பு தொடங்கும். இன்று இந்த உருளையை வாங்குகிறவர், பத்தாண்டுகளுக்குப் பின் ரீஃபில் செய்யச் சரக்கு எந்த விலைக்குக் கிடைக்கும் என்பதையும் யோசித்தே வாங்கவேண்டும். பெரிய மையங்களுக்கு, நைட்ரஜனும் ஆர்கானும் சிறிது கரியமில வாயுவும் கலந்த இனெர்ஜென் போன்ற வாயுக்களே குற்றமற்றவை என்பது என் முடிவு; 52 பங்கு நைட்ரஜன், 40 பங்கு ஆர்கான், 8 பங்கு கரியமில வாயு, எல்லாம் நாம் சுவாசிக்கும் காற்றில் இயல்பாகவே இருப்பவை. அவற்றுக்கு வரிசையாகப் பல உருளைகளும் குழாய்களும் வேண்டுமாதலால் கையில் எடுத்துச் செல்லும் உபகரணமாக அவை அமைவதில்லை.

நான்காவது, கே-டைப். எண்ணெய்ச் சட்டியைத் தானே தீப்பற்றும் வரையில் காய்ச்சினோம்; ஏறத்தாழ 360 பாகையில் சமையல் எண்ணெய் பிறர் பற்றவைக்காமலே பற்றிக்கொள்ளும். இந்நிலையில் ஒரு குவளை ஜலம் ஊற்றினால், அது எண்ணெயின் அடியில் இறங்கி, ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரையில் வாரி வீசும். பஜ்ஜிக் கடைகளிலும் கலியாணச் சமையற்கூடங்களிலும் ஏற்படும் கோரமான தீப்புண்களுக்கு இது ஒரு பெருங்காரணம். கரியமில வாயு அதை அணைக்கும், ஆனால் குளிரவைக்காததால் எண்ணெய் மறுகணமே பற்றிக்கொள்ளும். கே-டைப் உருளையின் நீண்ட குழாயிலிருந்து பொட்டாசியம் உப்புக் கரைசல் மெல்லிய தூறலாக, எண்ணெயைச் சிதறடிக்காமல் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் எண்ணெயும் காரமும் கூடிச் சோப்பு நுரையாகித் திரண்டு, ஒரு போர்வைபோல் சட்டியை மூடிற்று. தீ அணைந்த பிறகு நெடுநேரம் காத்திருந்தும் மறுபடி பற்றவில்லை. அன்றைய பரீட்சைகளில் முழு மனநிறைவு அளித்தது இந்த ஒன்றே. இருந்தும் இதை எத்தனை ஓட்டல்களில் பார்க்கிறோம்? அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பவுடர் உருளையே நிற்கிறது. வீட்டில் இவ்வுருளை இல்லாதவர்கள் அடுப்பை அணைத்து, சட்டியை அதற்குப் பொருத்தமான மூடியால் மூடி, ஆறும் வரையில் திறக்காமல் விட்டுவிடுவதே சிறந்த வழி.

இந்த நான்குக்கும் அப்பாற்பட்ட தீக்களும் உண்டு. சமையல் வாயு கசிந்து எரியும்போது, ரெகுலேட்டரை மூட இயலும் என்றால் அன்றி, சுவாலையை மட்டும் அணைப்பது பேராபத்து. எரியாத வாயு தரையோடு பரவி, ஏதேனும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பட்டாசு மருந்தில் பிராணவாயு தரும் உப்பு உள்ளேயே கலந்திருப்பதால், அதைத் திணறடிக்கும் வாயு எதுவும் இல்லை. அங்கே மனிதர் ஓடி வெளியேறுவதே முதற் காரியம். மெக்னீஷியம் தூள் எரிந்தால் கரியமில வாயுவையே எரிபொருளுக்குத் துணையாகப் பிடுங்கிக்கொள்ளும். காய்ந்த மணலோ அதற்கென்றே உள்ள உப்புத் தூளோ வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர்களின் லித்தியம் பாட்டரி நம் காலத்துப் புதிய அபாயம். 2022-இல் வேலூரில் இரவில் மின்னேற்றத்தில் இருந்த வண்டி பற்றிக்கொள்ள, அந்தப் புகையிலேயே உயிர்கள் போனதை மறக்க இயலாது. ஒரு செல் சூடேறி அடுத்ததைச் சூடேற்றும் அந்த வினையைப் பவுடரும் வாயுவும் தொடுவதில்லை. மேலே தெரியும் சுவாலை போகும், உள்ளே வெந்துகொண்டே இருக்கும், சற்று நேரத்தில் மீண்டும் எழும். ஏராளமான ஜலத்தை நெடுநேரம் ஊற்றிக் குளிர்விப்பது ஒன்றே பரிகாரம். அதையும் தீயணைப்புப் படையினரே செய்யவேண்டும். வெளிவாசலுக்கும் படிக்கட்டுக்கும் குறுக்கே வண்டியை நிறுத்தி மின்னேற்றம் செய்யாதிருப்பது எந்த உருளையைவிடவும் மேலான காப்பு. 'லித்தியம் தீயையும் அணைக்கும்' என்று பவுடர் உருளையில் ஒட்டி விற்பவர்களை நம்பக்கூடாது.

ஆகவே எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் பொறித்த ஏ.பி.சி. பவுடர், அதிலும் மேப் 90, இரண்டு கிலோவுக்குக் குறையாமல். துப்புரவுத் தொல்லையும் தொண்டை எரிச்சலும் உயிருக்கு முன் பெரிதல்ல. சமையற்கட்டுக்குள் மாட்டாமல், அதன் வாசலுக்கு வெளியே, தப்பியோடும் வழியில் மாட்டவேண்டும். மீட்டர் பெட்டிக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் கரியமில வாயு, அதுவும் காற்றோட்டம் உள்ள இடத்தில். ஓட்டலுக்குக் கே-டைப் இன்றியமையாதது. கிளீன் ஏஜென்ட்டை, தூளால் ஈடு செய்ய இயலாத நஷ்டம் விளையும் ஆவணக் காப்பகம், ஆபரேஷன் தியேட்டர், சர்வர் அறை ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒதுக்கவேண்டும். செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் அலங்காரமாக வைப்பதற்கு அது உரியதன்று.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியவையும் அதிகமில்லை. மாதம் ஒருமுறை கேஜின் முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, குழாயில் பூச்சி கூடு கட்டவில்லையா என்று பார்க்கவேண்டும். தூள் அடியில் இறுகாதிருக்க உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கவேண்டும். கரியமில வாயு உருளைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மற்றவைக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஹைட்ராலிக் டெஸ்ட் செய்யவேண்டும். ரீஃபில் செய்யும்போது கூடவே நின்று, பழைய தூளைக் கொட்டிப் புதியதை நிறுத்து நிரப்புகிறார்களா என்று பார்ப்பது அவசியம். வெறும் நைட்ரஜனை மட்டும் ஏற்றி முள்ளைப் பச்சைக்குக் கொண்டுவந்து பணம் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. பவுடர் உருளையை ஒரே ஒரு விநாடி அழுத்திப் பார்த்திருந்தாலும், வால்வின் இருக்கையில் தூள் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு நைட்ரஜன் மெல்ல மெல்லக் கசிந்துவிடும்; இன்று பச்சையில் நிற்கும் முள் அடுத்த வாரம் சிவப்புக்கு இறங்கியிருக்கும். எனவே சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக அதை ஒருபோதும் அழுத்தக்கூடாது. அழுத்தியிருந்தால் ரீஃபில் செய்த பிறகே மறுபடியும் சுவரில் மாட்டவேண்டும்.